ஒரு ஆழாக்குக் கடலை எத்தனை கிராம்?

போன தீபாவளிக்கு முந்திரி கேக் செய்யலாம் என்று ஆலத்தியூர் அத்தையிடம் போனில் அளவு கேட்டேன். "ரெண்டுக்கு ஒண்ணும்மா. ரெண்டு பங்கு முந்திரிப் பயிறு, ஒரு பங்கு சர்க்கரை. அவ்வளவுதான்" என்றார். வீட்டில் தராசு இருந்தது. அரைக் கிலோ முந்திரியை நிறுத்துப் பொடித்தேன். கால் கிலோ சர்க்கரையில் பாகு வைத்துப் பொடியைக் கொட்டினேன். கிளறக் கிளற மாவு சேர்ந்து வரவே இல்லை. தட்டில் பரப்பித் தேய்த்தாலும் விளிம்பு விளிம்பாக உதிர்ந்தது. மறுபடி அத்தையை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, எதுல அளந்தே?"

அத்தை சொன்ன இரண்டுக்கு ஒன்று டம்ளர் கணக்கு. நான் போட்டது கிராம் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல. 240 மில்லி பிடிக்கும் கப்பில் முந்திரியைத் தலை தட்டி அளந்தால் சுமார் 137 கிராம் வரும். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம் வரும். அரைக் கப் என்றால் 100 கிராம். ஆக, அத்தையின் கணக்கில் 137 கிராம் முந்திரிக்கு 100 கிராம் சர்க்கரை. என் அரைக் கிலோ முந்திரிக்கு 365 கிராம் சர்க்கரை விழுந்திருக்க வேண்டும். நான் போட்டது 250. நூறு கிராமுக்கு மேல் குறைந்தால் மாவு எப்படிச் சேரும்?

பயிறு, பருப்பு, கொட்டை வகைகளைப் படியிலிருந்து கிலோவுக்கும், கிலோவிலிருந்து கப்புக்கும் மாற்றும்போது நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கணக்கு கடினமில்லை. காரணம் புரிந்துவிட்டால் போதும்.

கிலோ பொருளைச் சொல்லும், படி இடத்தைச் சொல்லும்

ஆலத்தியூர் அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பூமி. ராம்கோவின் சிமென்ட் ஆலை அங்கே இருக்கிறது. அத்தை வீட்டு மாமா கொத்தனார். போனை வாங்கி அவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு முதலில் பிடிபட்டது. "சிமென்ட் மூட்டை அம்பது கிலோ. ஆனா நாங்க கலவைக்குப் பெட்டியிலதான் அளப்போம். ஒரு மூட்டைன்னா ஒண்ணேகால் கன அடி. மணலையும் அதே பெட்டியிலதான் அளக்கணும். மணலை மட்டும் எடை போட்டா கலவை கெட்டுப்போவும்."

ஒன்றேகால் கன அடி என்பது சுமார் 35 லிட்டர். 50 கிலோ சிமென்ட் 35 லிட்டர் இடத்தில் அடங்குகிறது. 50 கிலோ தண்ணீருக்கு 50 லிட்டர் இடம் வேண்டும். 50 கிலோ நிலக்கடலைப் பயிறுக்கோ 80 லிட்டருக்கு மேல் வேண்டும். எடை ஒன்றாக இருந்தாலும் இடம் ஒன்றாக இருக்காது.

நிலக்கடலைக்கு ஏன் அவ்வளவு இடம்? பயிறு லேசான பொருள் என்பதால் அல்ல. நல்ல பயிறைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். இடத்தை அடைப்பது பயிறுக்கு நடுவில் உள்ள காற்று. இதை வீட்டிலேயே பார்க்கலாம். 240 மில்லி டம்ளரில் தலை தட்டிப் பயிறு நிரப்புங்கள். அளவு குறித்த ஜாடியில் 200 மில்லி தண்ணீர் எடுத்து, பயிறின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். டம்ளர் விளிம்பைத் தண்ணீர் தொடும்போது ஜாடியைப் பாருங்கள். ஏறக்குறைய 100 மில்லி உள்ளே போயிருக்கும். நிறைந்திருந்ததாக நாம் நினைத்த டம்ளரில் ஐந்தில் இரண்டு பங்கு காலியிடம். பயிறு ஊறிப் பருப்பதற்குள் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காற்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. கடலையை எண்ணெய் விட்டு வரும்வரை விழுதாக அரைத்தால் பீனட் பட்டர். முழுப் பயிறாக ஒரு கப்பில் 146 கிராம் பிடித்த அதே கடலை, விழுதாக 258 கிராம் பிடிக்கும். கடலை மாறவில்லை, இடையிலிருந்த காற்று மட்டும் வெளியேறியது.

கையில் வைத்துக்கொள்ள ஒரு பட்டியல்

கீழே உள்ளவை 240 மில்லி கப்பில், அழுத்தாமல் போட்டு, தலை தட்டி அளந்த அளவுகள். ஓடு நீக்கிய பருப்புக்கான கணக்கு.

நிலக்கடலைப் பயிறு, பச்சை: 146 கிராம்
முந்திரி, வறுத்தது, முழுதும் பாதியும் கலந்து: 137 கிராம்
பாதாம், முழுது: 143 கிராம்
பாதாம், மெல்லிய சீவல்: 92 கிராம்
பாதாம் பொடி: 95 கிராம்
பிஸ்தாப் பருப்பு: 123 கிராம்
வால்நட், பாதிகளாக: 100 கிராம்
வால்நட், நறுக்கியது: 117 கிராம்
தேங்காய்த் துருவல்: 80 கிராம்

இவை சராசரி. உங்கள் வீட்டுப் பயிறின் பருமனையும் காய்ச்சலையும் பொறுத்து ஐந்து பத்து கிராம் முன்பின் ஆகும். சமையலுக்கு அது பாதகமில்லை.

பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். முழுதாக இருக்கும் கடலை, முந்திரி, பாதாம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கின்றன. எனவே ஒரே ஒரு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தால் போதும்: நூறு மில்லிக்கு அறுபது கிராம். உங்கள் டம்ளர் 200 மில்லியா? 120 கிராம். 250 மில்லியா? 150 கிராம். கிராமிலிருந்து மில்லிக்குப் போக 0.6-ஆல் வகுக்க வேண்டும். 300 கிராம் முந்திரி என்று செய்முறையில் இருந்தால் 500 மில்லி, அதாவது 250 மில்லி டம்ளரில் இரண்டு.

நறுக்கினால், பொடித்தால் கணக்கு மாறும்

வால்நட் பாதிகளாக இருக்கும்போது கப்பில் 100 கிராம்தான், நறுக்கினால் 117. வால்நட்டின் பாதி, மூளை போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று உட்காராது. நறுக்கியதும் சிறு துண்டுகள் அந்தச் சந்துகளில் இறங்கிவிடுகின்றன, கப்பில் கூடுதலாகப் பிடிக்கிறது. பாதாமில் நேர் எதிர். முழுப் பாதாம் வழவழப்பாக ஒன்றோடொன்று சரிந்து நெருங்கும். சீவினால் தகடு தகடாக ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே கிடந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். பொடியும் அப்படித்தான், பஞ்சு போல் எழும்பி நிற்கும்.

அதனால் "ஒரு கப் பாதாம் பொடி" என்பதும் "ஒரு கப் பாதாமைப் பொடித்தது" என்பதும் வேறு வேறு. முன்னது 95 கிராம். பின்னது 143 கிராம்; பொடித்தபின் அது ஒன்றரைக் கப்பாகிவிடும். முந்திரி கேக்கிலும் இதே வலை உண்டு. அத்தை முழு முந்திரியை அளந்துவிட்டுத்தான் பொடிப்பார். பொடித்த பிறகு இரண்டு டம்ளர் அளந்தால் முந்திரி நாலில் ஒரு பங்கு குறைந்துபோகும், தித்திப்பு தூக்கலாகிவிடும். யாரிடமாவது அளவு கேட்டால், "அளந்துட்டு அரைக்கணுமா, அரைச்சுட்டு அளக்கணுமா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்தப் படி, எந்தக் கப்?

நம் பழைய வாய்ப்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். ஆழாக்கு சுமார் 168 மில்லி, படி சுமார் 1.34 லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் நூறு மில்லிக்கு அறுபது கிராம் வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆழாக்குக் கடலை ஏறக்குறைய சரியாக 100 கிராம். உழக்கு 200 கிராம். படி 800 கிராமுக்குச் சற்று மேல். ஆழாக்கு வைத்திருக்கும் வீட்டுக்குத் தராசே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பொருந்துகிறது. பத்து ஆழாக்குக் கடலை ஒரு கிலோ.

ஆனால் எல்லா வீட்டு ஆழாக்கும் ஒன்றல்ல. சின்னப் படி, பெரிய படி என்று ஊருக்கு ஊர் படி மாறியது. அளவையின் பெயரைச் சொல்லாமல் அளவு சொன்னால் வில்லங்கம் என்று சோழர்களுக்கே தெரிந்திருந்தது. முதலாம் ராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் நெல் அளவு வரும் இடங்களில், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்தது என்று மரக்காலின் பெயரும் வருகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அத்தை "எதுல அளந்தே?" என்று கேட்டதும் அதைத்தான்.

இன்று கப்பிலும் அதே சிக்கல். அமெரிக்கச் செய்முறைகளில் கப் என்றால் 240 மில்லியை ஒட்டி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. வெளிநாட்டிலிருந்து மகளோ மருமகளோ அனுப்பும் செய்முறை எந்த ஊர்ப் புத்தகத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பியச் செய்முறைகள் பெரும்பாலும் கிராமில் இருப்பதால் அவற்றில் இந்தக் குழப்பம் குறைவு.

இங்கே ஓர் ஆறுதலும் உண்டு. ஒரு பலகாரத்துக்கு வேண்டிய எல்லாப் பொருளையும் ஒரே டம்ளரில் அளந்தால், அந்த டம்ளர் எவ்வளவு பெரிது என்பது பொருட்டே இல்லை. விகிதம் கெடாது. அத்தையின் கேக் ஒரு வருடமும் தப்பாததற்குக் காரணம் அதுவே. பாதியை நிறுத்துப் பாதியை அளந்தால்தான் மாற்றுக் கணக்கு தேவைப்படுகிறது.

அளக்கும் கையும் முக்கியம். தலை தட்டுவது வேறு, கோபுரமாகக் குவிப்பது வேறு. நிரப்பிய டம்ளரை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் பயிறு இறங்கி மேலே இடம் கிடைக்கும். புத்தக அளவுகள் தட்டாத, குவிக்காத அளவுகள். கரண்டியில் முழுப் பாதாமை அளப்பதில் பொருளில்லை. கரண்டி அதற்குச் சிறிது. அங்கே எண்ணுவதே மேல்.

ஓட்டோடு வாங்கினால்

செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரித் தோப்பும் கடலைக் கொல்லையும் நிறைய. மல்லாட்டை என்று சொல்லும் வீடுகளும் உண்டு, கடலைக்காய் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. காயாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு வேண்டும்.

நன்றாகக் காய்ந்த கடலைக்காய் ஒரு கிலோ உரித்தால் பயிறு 700 கிராம் வரும். படியில் அளந்தால் ஏமாற்றம் இன்னும் பெரிதாகத் தெரியும். காயில் ஓட்டுக்கு உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று. ஒரு படி காய் 350 கிராமை ஒட்டித்தான் இருக்கும். உரித்தால் கால் கிலோ பயிறு. ஆழாக்கால் அளந்தால் ஒரு உழக்குக்குச் சற்று மேல்.

அப்போதுதான் பிடுங்கிய பச்சைக் காய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிடுங்கும்போது காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம். சேமிக்க வேண்டுமானால் பயிறின் ஈரம் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நஞ்சாகும். ஆகவே செடியிலிருந்து ஆய்ந்ததும் கிலோ கணக்கில் வாங்குகிறவர், காசு கொடுப்பதில் கணிசமான பங்கு தண்ணீருக்கு என்பதை அறிந்து விலை பேச வேண்டும்.

முந்திரிக்கொட்டையில் ஓடு கனம். நாலு கிலோ கொட்டை உடைத்தால் ஒரு கிலோ பயிறு தேறும் என்பது பொதுக் கணக்கு. வியாபாரத்தில் 80 கிலோ மூட்டைக்கு எவ்வளவு பயிறு என்று பார்த்துத்தான் கொட்டையின் தரத்தை மதிப்பார்கள். 21, 22 கிலோ தேறினால் நல்ல கொட்டை. வடக்கே விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட விஆர்ஐ 3 ரகத்தில் ஒரு கொட்டை சுமார் 7 கிராம் இருக்கும், உள்ளே பயிறு சுமார் 2 கிராம்.

முந்திரியை எண்ணியும் அளக்கலாம். கடையில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பாக்கெட்டில் போட்டிருப்பது, ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பயிறு என்ற எண்ணிக்கை. பவுண்டு என்றால் 454 கிராம். 454-ஐ 320-ஆல் வகுத்தால் ஒரு பயிறு 1.4 கிராம். 180 தரம் என்றால் 2.5 கிராம். "பொங்கலுக்குப் பத்து முந்திரி" என்று எழுதியிருந்தால், 320 தரத்தில் அது 14 கிராம்; 180 தரத்தில் 25 கிராம். பாதாம் ஒன்று சுமார் 1.2 கிராம், 25 பாதாம் 30 கிராம். தினம் 30 கிராம் பருப்பு சாப்பிடச் சொன்னால் 320 தர முந்திரி 21, அல்லது நிலக்கடலை மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வறுத்தால், தோல் நீக்கினால்

பச்சைக் கடலையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல். நன்றாக வறுத்தால் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். சிவப்புத் தோலைப் புடைத்து நீக்கினால் இன்னும் சுமார் 3 சதவீதம் குறையும். ஒரு கிலோ பச்சைப் பயிறை வறுத்துத் தோல் நீக்கினால் 920, 930 கிராம் கையில் வரும். கடலை மிட்டாய்க்கு "வறுத்துத் தோல் நீக்கிய கடலை அரைக் கிலோ" என்று எழுதியிருந்தால், 540 கிராம் பச்சைப் பயிறில் தொடங்க வேண்டும். வீட்டு அளவில் இது சிறு வித்தியாசம். விசேஷத்துக்குப் பத்துக் கிலோ போடும்போது முக்கால் கிலோ குறைந்து நிற்கும்.

எண்ணெயிலும் எடைக்கும் அளவுக்கும் இடையே இதே இடைவெளி உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஒரு கிலோ இல்லை, 910 கிராம். எண்ணெய் பாக்கெட்டிலேயே இரண்டும் அச்சிட்டிருக்கும். கிலோவில் விலை சொல்லும் செக்கையும் லிட்டரில் விலை சொல்லும் கடையையும் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

தராசு இல்லாத வீட்டில்

முதலில் உங்கள் டம்ளர் எத்தனை மில்லி என்று கண்டுபிடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, டம்ளரில் நிரப்பி நிரப்பி ஊற்றுங்கள். நாலு டம்ளரில் தீர்ந்தால் 250 மில்லி. ஐந்தில் தீர்ந்தால் 200. ஆறில் தீர்ந்தால் ஆழாக்கு.

அடுத்தது, கடையில் வாங்கிய 200 கிராம் முந்திரி பாக்கெட்டைப் பிரிக்கும்போது அப்படியே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். முதலில் அந்த டம்ளரில் தலை தட்டி அளந்து, எத்தனை வந்தது என்று பாருங்கள். கடலைக்கும் அரைக் கிலோ பாக்கெட்டை வைத்து அப்படியே செய்யுங்கள். எடை ஏற்கெனவே பாக்கெட்டில் இருக்கிறது. நீங்கள் செய்வது அதை உங்கள் டம்ளர் மொழிக்கு மாற்றுவது. புத்தகத்தில் போட்ட எந்தப் பட்டியலையும் விட இது உங்கள் வீட்டுக்குத் துல்லியமானது.

தராசு உள்ளவர்கள் காலி டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்பினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருமுறை செய்து டப்பா மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

அத்தை வீட்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து டம்ளரில் தீர்ந்தது. 200 மில்லி. அவருடைய இரண்டு டம்ளர் முந்திரி சுமார் 230 கிராம், ஒரு டம்ளர் சர்க்கரை 165 கிராமை ஒட்டி. என் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோவுக்கு மேலே சொன்ன அதே 365 கிராம் சர்க்கரைதான் வருகிறது. என் முந்திரி டப்பா மூடியின் உட்புறம் இப்போது இரண்டு வரி இருக்கிறது: "அத்தை டம்ளர் 200 மில்லி. முழுசா அளந்துட்டுப் பொடிக்கணும்."